பச்சைக் கற்பூர டப்பாவோடு நெம்மேலிக்கு

2006 ஜூன் மாதம், ஒரு சனிக்கிழமை. படாளத்திலிருந்து நெம்மேலி போனேன். ஊர் சுற்றுவதற்காக அல்ல. மடியில் ஒயர் கூடை, அதற்குள் பழைய துண்டு, துண்டுக்குள் பதினோரு நாளாக ஒன்றும் தின்னாத ஆமை.

எங்கள் ஊர்ப் பெருமாள் கோயில் நந்தவனம் பரம்பரையாக எங்கள் குடும்பத்தின் பொறுப்பு. பூப்பறித்துக் கொடுத்துவிட்டுத்தான் நான் பாடம் நடத்தப் பள்ளிக்கூடம் போவேன். நந்தவனத்தில் இரண்டு தரை ஆமைகள் இருந்தன. மே மாதக் கடைசியில் பெரியதன் கழிவில் வெள்ளையாகப் புழு நெளிந்தது. பயந்துபோய், மாட்டுக்குப் புழு ஊசி போடுகிறவரிடம் மருந்து வாங்கி நானே போட்டேன். இரண்டாம் நாள் கால்கள் துவண்டன, தலையைத் தூக்க முடியவில்லை. செவ்வாய்க்கிழமை செத்துப்போனது. வியாதி முற்றிய பிறகு போட்டதால் ஊசி பலிக்கவில்லை என்று நினைத்தேன்.

என் மனைவி வசந்தா வேறு மாதிரி நினைத்தாள். பிரசாதப் புளியோதரையில் தினமும் ஒரு பிடி ஆமைகளுக்குப் போட்டது அவள்தான். "நான்தான் கொன்னுட்டேன்" என்று நாலு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. சின்னதும் போய்விட்டால் அவளை எப்படித் தேற்றுவது என்று எனக்குத் தெரியவில்லை.

காலை 6.10க்குப் படாளத்தில் பஸ். செங்கல்பட்டு வரை சுமார் 18 கி.மீ., டிக்கெட் ஆறு ரூபாய். அங்கிருந்து 7.15க்குத் திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் பஸ், முப்பது கி.மீ., ஒன்பது ரூபாய். இடது பக்க ஜன்னலோரம் உட்கார்ந்தால் மலைக்கோயில் நன்றாகத் தெரியும் என்பார்கள். நான் பார்க்கவில்லை. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை துண்டை விலக்கி மூச்சு வருகிறதா என்று பார்ப்பதற்கே நேரம் சரியாக இருந்தது.

மாமல்லபுரத்திலிருந்து நெம்மேலி பத்து கி.மீ. இருக்கும். ஆட்டோவுக்கு எண்பது ரூபாய். பாதி வழியில் ஓட்டுநர் திரும்பிப் பார்த்தார்.

"கூடைல இன்னா சார் கீது?"

"ஆமை. உடம்பு சரியில்ல."

"ஆமையா! ஆமை பூந்த வூடு வெளங்காதும்பாங்க. நீ இன்னாடான்னா என் ஆட்டோல ஏத்திக்கினு வந்துட்ட!" என்றவர், கொஞ்ச தூரம் போனதும் மேடுபள்ளத்தில் தானாகவே வேகத்தைக் குறைத்தார்.

டாக்டர் அம்மா கால்நடைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். ஊர்வனவற்றைப் பார்க்கத் தெரிந்தவர் என்று சக ஆசிரியர் சொல்லியிருந்தார். வீட்டு வராந்தாவிலேயே நுண்ணோக்கி வைத்திருந்தார். முதல் நாள் காலை வசந்தா எடுத்துக் கொடுத்த ஆமைக் கழிவை நீட்டினேன். திறந்ததும் முகர்ந்து பார்த்தார்.

"இன்னா சார், பெருமாள் கோயில் தீர்த்தம் மாதிரி மணக்குது?"

பச்சைக் கற்பூர டப்பா. பெருமாளுடைய ஆமையின் கழிவைக் கண்ட டப்பாவிலா வைப்பது என்று, கோயிலில் காலியான டப்பாவைத் தேடி எடுத்திருந்தாள் வசந்தா. கண்ணாடியில் தடவிப் பார்த்தார் டாக்டர். எதுவும் அசையவில்லை.

"அப்போ புழு இல்லையா?" என்றேன் ஆவலாக.

"அப்டி சொல்ல முடியாது. ஒருநாள் பழசு, காஞ்சு கீது, கற்பூரம் வேற. உள்ள இருந்ததெல்லாம் செத்திருக்கும். புதுசா வேணும்."

ஒரு தட்டில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றினார், தாடைக்குக் கீழே நிற்கிற அளவு. ஆமையை அதில் விட்டார். உட்கார்ந்திருந்தோம். இருபத்தைந்தாவது நிமிடம் ஆமை கருணை காட்டியது. ஒரு கழிவுக்காக நான் பெருமாளுக்கு நன்றி சொன்னது அன்றுதான்.

நுண்ணோக்கியில் என்னையும் பார்க்கச் சொன்னார். வாலை உதறிக்கொண்டு ஓடும் சின்னஞ்சிறு உயிர்கள். நடுவே முட்டை வடிவில் புழுமுட்டைகள்.

"கொஞ்சம் இருந்தா பரவால்ல சார். இது ரொம்ப அதிகம். ஆனா காப்பாத்திடலாம்."

எடை போட்டு, அதற்கேற்ற மருந்தைக் குழாயால் வாயில் விட்டார். இரண்டு வாரம் கழித்து மறுபடி வரச் சொன்னார். எனக்கு உயிர் வந்தது. அந்தத் தெம்பில் பையிலிருந்த மாட்டு ஊசி மருந்தை எடுத்து, "இதையும் போடலாமா?" என்று கேட்டேன்.

அவர் முகம் மாறியது. "இத இதுக்குப் போட்டீங்களா?"

"இதுக்கு இல்லை. பெருசுக்கு."

"கால் துவண்டு, கழுத்து தொங்கிச்சா?"

தலையாட்டினேன். அவர் மருந்தை என் கையிலிருந்து வாங்கி மேஜைமேல் வைத்தார். பிறகு, "மாடு தாங்கும் சார். ஆமைக்கு இது விஷம்" என்றார்.

ஆமையோடு போகிறவர்களுக்கு: கழிவு அன்றைக்கு எடுத்ததாக இருக்கட்டும், வாசனையில்லாத சுத்தமான டப்பாவில் காயாமல் வையுங்கள். முடிந்தால் ஆமையையும் கூட எடுத்துப் போங்கள். சோறு வேண்டாம், கீரை போதும். தரை ஆமை வைத்திருந்தால் வனத்துறையிடம் சொல்லிவிடுங்கள். டாக்டர் சொன்ன பிறகு நானும் சொன்னேன். பார்த்துச் சொல்ல ஆள் கிடைக்கும்வரை கையில் கிடைத்த ஊசியைப் போடாதீர்கள்.

மாலை நாலரைக்கு வீடு வந்தேன். வசந்தா வாசலிலேயே நின்றிருந்தாள். கூடையைப் பார்க்கவில்லை, என் முகத்தைத்தான் பார்த்தாள்.

"பெருசு செத்தது நான் போட்ட சோத்தாலதானா?"

வழியெல்லாம் ஒத்திகை பார்த்த பதில்கள் நிறைய இருந்தன. "இல்ல. நான் போட்ட ஊசியால" என்றேன்.