மூன்றாம் ஓலை

அந்தக் கடிதத்தை எழுதியது நீதான். என் பெயரில், என் கையெழுத்தில், எங்கள் பங்குச் சாமியாருக்கு எழுதி என் கல்யாணத்தை நிறுத்தியது நீதான். இத்தனை வருடம் இதை வீட்டுக்குள் சொல்லிப் பார்த்தேன். ஒருவரும் நம்பவில்லை. இப்போது எழுதிச் சொல்கிறேன்.

தெரியாதவர்களுக்காக முதலிலிருந்து சொல்ல வேண்டும். நான் திருச்சுழிப் பக்கம். நீ நரிக்குடிப் பக்கம். இரண்டு ஊருக்கும் ஒரே மாதா கோயில்தான், ஒரே பங்குதான். ஆனாலும் நாம் பழகியது மெட்ராசில். எண்பதுகளின் நடுவில் இரண்டு வருடம் சேர்ந்தாற்போல மழை இல்லை. கண்மாய் வெடித்துக் கிடந்தது. படித்துவிட்டுச் சும்மா இருந்த பெண்களுக்கு மெட்ராசில் வேலை இருக்கிறது என்று கோயிலில் அறிவித்தார்கள். அம்பத்தூரில் ஒரு மாத்திரைக் கம்பெனி. தங்குவதற்கு சிஸ்டர்கள் நடத்திய ஹாஸ்டல். நாம் இருவரும் ஒரே ரயிலில் போனோம். எழும்பூரில் இறங்கியதும் கூட்டத்தைப் பார்த்து நீ அழுதாய். நான் உன் கையைப் பிடித்துக்கொண்டேன். நான் செய்த உதவி அவ்வளவுதான். அதற்குப் பிறகு நீ என் கையை விடவில்லை.

நான் வகிடு எடுத்த பக்கமே நீயும் எடுத்தாய். என்னைப் போலவே செருப்பு, என்னைப் போலவே ஜாக்கெட் கை. கம்பெனி பஸ்ஸில் என் பக்கத்தில் வேறு யாரும் உட்காராமல் டிபன் பாக்ஸை வைத்து இடம் பிடிப்பாய். பேக்கிங் மேஜையில் எதிரே உட்காரும் நாகர்கோவில்காரி ஒருநாள் கேட்டாள்: “ஏ, ஒங்க ரெண்டு பேரையும் கர்த்தர் ஒரே நாள்லயா செஞ்சாரு? இல்ல ஒருத்தியச் செஞ்சுட்டு மிச்ச மண்ணுல இன்னொருத்தியா?”

“மிச்ச மண்ணு நாந்தான்” என்றாய் நீ. எல்லோரும் சிரித்தார்கள். நீ சிரிக்கவில்லை.

அதே நாகர்கோவில்காரியோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் பீச்சுக்குப் போனேன். நீ தலைவலி என்று படுத்திருந்தாய். திரும்பி வந்தபோது உன் தட்டில் சோறு அப்படியே இருந்தது. மறுநாளும் சாப்பிடவில்லை. அடுத்த நாள் வேலையில் மயங்கி விழுந்தாய்.

“எதுக்குடி இப்படிப் பண்ற?”

“நீ போ. அவகூடக் கடலப் பாத்துட்டு வா. நான் இருந்தா என்ன, செத்தா என்ன.”

நான் கஞ்சியை ஊட்டினேன். இனிமேல் நீ இல்லாமல் எங்கும் போவதில்லை என்று சிலுவை போட்டுச் சொன்னேன். எனக்கு அன்று எரிச்சலாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது. இதை மறைத்துவிட்டு உன்மேல் மட்டும் பழி போட்டால் நான் எழுதுவது பொய்யாகிவிடும். நான் வீட்டில் மூன்றாவது பெண். நான் சாப்பிட்டேனா என்று யாரும் தட்டை எட்டிப் பார்த்தது கிடையாது. எனக்காக ஒருத்தி பட்டினி கிடக்கிறாள் என்பது எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமைதான் என்னைக் கெடுத்தது.

பிறகு என் கட்டைவிரல் வெந்தது. மாத்திரை அட்டையை ஒட்டுகிற மெஷினின் சூட்டுத் தட்டில் வலது கை மாட்டிக்கொண்டது. பேனா பிடிக்க முடியவில்லை. வாராவாரம் வீட்டுக்கு இன்லண்டு லெட்டர் போடுவேன். ஒரு வாரம் வராவிட்டால் என்னைப் பெற்ற அய்யா தபால்காரரைத் தேடிப் போய்விடுவார். “நான் எழுதுறேன், நீ சொல்லு” என்றாய். “கையெழுத்து மாறுனா பயந்துருவாக புள்ள” என்றேன்.

“மாறாது. பாரு.”

என் எழுத்து இடது பக்கம் சாயும். வரி முடியும் இடத்தில் மேலே ஏறும். நீ எழுதிக் காட்டியதில் சாய்வும் ஏற்றமும் அப்படியே இருந்தன. எத்தனை நாளாக எழுதிப் பழகினாய் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

விரல் ஆறிய பிறகும் நீயே எழுதினாய். நான்தான் விட்டேன். எட்டு மணி நேரம் மாத்திரை அட்டையைப் பார்த்துவிட்டு வந்த கண்ணுக்கு, எழுதாமல் இருப்பது சுகமாக இருந்தது. மேலும் நீ என்னைவிட நன்றாக எழுதினாய். நான் எழுதினால் நலம், நலமறிய ஆவல், காய்ச்சல் இல்லை, சோறு பரவாயில்லை, அதோடு முடிந்தது. நீ ஆட்டுக்குட்டியை விசாரிப்பாய். மடியில் பால் கட்டிய ஆட்டுக்கு என்ன செய்தீர்கள் என்று கேட்பாய். அம்மாவுக்குக் கண் மங்குகிறது என்று தெரிந்ததும், மதுரைக்குப் போய்க் காட்டச் சொல்லி நாலு கடிதம் விடாமல் எழுதினாய். அம்மா போனாள். ஆபரேஷன் நடந்தது. பார்வை வந்தது. “ஒன் காயிதம்தான் என்னயக் கெளப்புச்சு” என்று நான் லீவுக்குப் போனபோது என் கன்னத்தைப் பிடித்துச் சொன்னாள். நான் தலையாட்டிக்கொண்டு நின்றேன். அதற்குள் இப்படியே இரண்டு வருடம் ஓடியிருந்தது.

அந்த லீவில்தான் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். அவர் அருப்புக்கோட்டை மில்லில் ஃபிட்டர். ஊர் குமாரலிங்கபுரம் பக்கம். காப்பி கொடுத்தபோது எல்லோருக்கும் முன்னால் கேட்டார்: “மெட்ராஸ்ல லாரியிலதான் தண்ணி வருமாம்ல? ஒங்களுக்குப் பிடிக்கத் தெரியுமா?”

“தெரியும். சண்டை போடவும் தெரியும்.”

“அப்ப எங்க தெருவுக்கு நீங்கதான் வேணும்.”

அவருடைய அம்மாகூடச் சிரித்துவிட்டாள். எனக்கு அவரைப் பிடித்தது. அவ்வளவுதான் விஷயம். என் ஆயுசில் எனக்காக நான் ஆசைப்பட்ட ஒன்று அதுதான்.

வேலையை விட்டு நிற்பதற்காகத் திரும்பவும் மெட்ராசுக்கு வந்தேன். உன்னிடம் சொன்னேன். நீ கத்தவில்லை. தட்டைத் தள்ளி வைத்தாய். அன்று மதியம் சாப்பாட்டு அறையில் நாம் இருவர்தான்.

“ஒனக்கு இஷ்டமா?”

நான் தட்டை உன் பக்கம் நகர்த்தினேன்.

“என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு. இஷ்டமா?”

“இல்ல புள்ள. வீட்டுக்காகத்தான் சரின்னேன். போதுமா? சாப்பிடு.”

நீ சாப்பிட்டாய். நான் சொன்னது பொய். ஒரு வாய் சோற்றுக்காக உன்னிடம் சொன்ன பொய். அதை நான் வேறு யாரிடமும் சொன்னதில்லை. இதைப் படிப்பவர்கள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஊருக்கு வந்தேன். எங்கள் கோயிலில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். பூசை முடியும்போது, இன்னாருடைய மகனுக்கும் இன்னாருடைய மகளுக்கும் திருமணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குச் சாமியாரிடம் சொல்லவும் என்று அறிவிப்பார்கள். முதல் ஓலை வாசித்தார்கள். இரண்டாம் ஓலை வாசித்தார்கள். மூன்றாம் ஓலைக்கு இரண்டு நாள் முன்பு சாமியார் மொபெட்டில் வீட்டுக்கு வந்தார். உட்காரவில்லை. பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து என்னிடம் நீட்டினார்.

“இத நீதான் எழுதுனியாம்மா?”

வரிகள் இடது பக்கம் சாய்ந்திருந்தன. ஓரத்தில் மேலே ஏறியிருந்தன. கீழே என் பெயர். எனக்கு இந்தத் திருமணத்தில் சம்மதம் இல்லை, வீட்டுக்காகத்தான் சரி என்றேன், மூன்றாம் ஓலையை வாசிக்க வேண்டாம் என்று இருந்தது. அதோடு விட்டிருந்தால் நான் தப்பித்திருப்பேன். கடைசியில் இன்னும் ஒரு வரி: ‘நேரில் கேட்டால் பயத்தில் சம்மதம் என்றுதான் சொல்வேன், சாமி அதை நம்ப வேண்டாம்.’

“நான் எழுதல சாமி. எனக்குச் சம்மதம்” என்றேன்.

அவர் என்னைப் பாவமாகப் பார்த்தார். அந்த வரி சொன்னபடியே நான் சொல்லிவிட்டேன். கத்தினேன், அழுதேன், மாதா மேல் சத்தியம் செய்தேன். செய்யச் செய்யப் பயந்த பிள்ளை மாதிரிதான் தெரிந்தேன்.

அய்யா உள்ளே போனார். கம்பியில் குத்தி வைத்திருந்த இன்லண்டு லெட்டர்களைக் கொத்தாக எடுத்து வந்தார். ஒன்றைப் பிரித்து அந்தக் கடிதத்துக்குப் பக்கத்தில் வைத்தார். சாய்வு, ஏற்றம், பேனாவின் அழுத்தம்கூட ஒன்றுதான். இருக்காதா பின்னே? இரண்டையும் எழுதிய கை ஒன்று.

அப்போது நான் சொல்லியே ஆக வேண்டியிருந்தது.

“அய்யா, அதுவும் நான் எழுதல. கை வெந்ததுல இருந்து எல்லாம் அவதான் எழுதுனா. என் சிநேகிதி.”

அம்மா கேட்டாள்: “எது? என் கண்ணப் பத்தி எழுதுனதா?”

“ஆமா.”

“ஆட்டுக்குட்டி செத்ததுக்கு அழுது எழுதுனது?”

“அதுவும்தான்.”

அய்யா கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்: “அப்ப ரெண்டு வருசமா எங்களுக்கு யாருத்தா மகளா இருந்தது?”

அவரே தலையை ஆட்டிக்கொண்டார். “இல்ல. பொய் சொல்ற. ஊரான் பிள்ளை இப்படியா எழுதும்?”

மறுநாளே உனக்குத் தந்தி கொடுத்தேன். நான்காம் நாள் வந்தாய். சாமியாரும் வந்திருந்தார். அவர் உன்னிடம் நேராகவே கேட்டார். நீ ஆம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. என்னைப் பார்த்துக் கண் கலங்கினாய்.

“அவளத் திட்டாதீக சாமி. ரொம்பப் பயந்து போயிருக்கா.”

என் அம்மா உன்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். எங்கள் வீட்டில் உனக்கு முட்டை பொரித்துப் போட்டார்கள். நீ வயிறாரச் சாப்பிட்டாய்.

சாயங்காலம் உன்னை பஸ் ஏற்றிவிட என்னையே அனுப்பினார்கள். ரோட்டோரக் கருவேல மரத்தடியில் நின்றோம். பஸ் வரவில்லை. நீ என் கையைப் பிடித்தாய்.

“நீ சொன்னதத்தானடி எழுதுனேன். நானா ஒண்ணும் சேக்கல.”

“ஒனக்காகச் சொன்ன பொய்யிடி அது!”

“எங்கிட்டப் பொய் சொல்ல மாட்ட நீ. எனக்குத் தெரியும். ஒன் வேலைக்கு இன்னும் ஆள் எடுக்கல. வாரியா, போயிருவோம்?”

அறைந்தேன். நன்றாகவே அறைந்தேன். ஆடு பத்திக்கொண்டு வந்த எங்கள் தெருக்காரர் அதைப் பார்த்தார். உதவிக்கு வந்த பிள்ளையை அடித்தாள், புத்தி பேதலித்துவிட்டது என்று பொழுது சாய்வதற்குள் ஊர் முழுக்கப் பரவியது. எழுதினேன் என்று நீ ஒப்புக்கொண்டது மட்டும் அவர் காதில் விழவில்லை.

மூன்றாம் ஓலை வாசிக்கவே இல்லை. மாப்பிள்ளை வீட்டார் வந்து சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை. ஒரு ஆளை அனுப்பி, அவுகளுக்கு இஷ்டமில்லேன்னா விடுங்க என்று மரியாதையாகச் சொல்லிவிட்டார்கள். அவருக்கு வேறு இடத்தில் முடிந்தது. நான் மெட்ராசுக்குத் திரும்பவில்லை. அருப்புக்கோட்டையில் ஒரு மருந்துக்கடையில் நின்றேன். இன்னும் மாத்திரை அட்டைதான் எண்ணுகிறேன். அதன்பின் வந்த இரண்டு இடத்தையும் நானே வேண்டாம் என்றேன். மறுபடியும் ஓலை வாசிக்கும்போது அந்த பெஞ்சில் உட்கார என்னால் முடியாது. அய்யா தொண்ணூறுகளின் கடைசியில் இறந்துபோனார். அதுவரை நான் எதில் கையெழுத்துப் போட்டாலும், ரேஷன் மனுவாக இருந்தாலும், வாங்கி ஒரு முறை பார்த்துவிட்டுத்தான் கீழே வைப்பார். ஒன்றும் கேட்க மாட்டார். பார்ப்பார்.

நீ கல்யாணம் செய்துகொண்டாய் என்று கேள்விப்பட்டேன். மெட்ராசிலேயே வீடு. எனக்குப் பொறாமை இல்லை. என்னைக் கெடுத்த நோய் உன்னை விட்டுவிட்டதே என்று வயிறு எரிந்தது, அவ்வளவுதான். நான் வாயை மூடிக்கொண்டுதான் இருந்திருப்பேன். போன மாதம் பங்குத் திருவிழாவுக்கு நீ வராமல் இருந்திருந்தால்.

வந்தாய். மைக்கில் பேசச் சொன்னார்கள், பேசினாய். சிநேகிதம் பற்றி. “நாங்க ரெண்டு பேரும் ஒரு உயிரு. எங்க கையெழுத்துகூட ஒண்ணுன்னு ஹாஸ்டல்ல கேலி பண்ணுவாக” என்றாய். கூட்டம் சிரித்தது. முன் வரிசையில் என் அம்மாவும் சிரித்தாள். நீ கீழே இறங்கி வந்து அவள் கையில் முத்தம் கொடுத்தாய்.

அந்த இன்லண்டு லெட்டர்கள் இன்னும் அம்மாவின் டிரங்குப் பெட்டியில் இருக்கின்றன. அன்று வீட்டுக்கு வந்து சேலைகூட மாற்றாமல் அதைத் திறந்து வைத்துக்கொண்டு என்னிடம் கேட்டாள்: “இப்பவாச்சும் சொல்லுத்தா. அந்தக் காயிதம் நீ எழுதுனதுதான? நான் கோவிக்க மாட்டேன்.”

இத்தனை வருடத்துக்குப் பிறகும் என் அம்மாவுக்கு நான் பொய்க்காரி. கண் ஆபரேஷனுக்குக் கிளப்பி அனுப்பிய மகள் மட்டும் நல்லவள். அவள் யார் என்று உனக்குத்தான் தெரியும்.

எனக்குத் தனியாகக் கடிதம் போடாதே, கிழித்துப் போடுவேன். வீட்டுக்கு வந்து என் கையைப் பிடிக்காதே. அதே கோயிலுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை வா. பூசை முடிந்து ஓலை வாசிக்கிற நேரத்தில் எழுந்து, நீ பேசிய அதே மைக்கில், முன் வரிசையில் என் அம்மா இருக்கும்போதே சொல். தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்றுதானே அங்கே கேட்கிறார்கள்? அன்று ஒளிந்துகொண்டு சொன்னாய். இப்போது எல்லோருக்கும் கேட்கும்படி சொல். அந்தக் கடிதத்தை எழுதியது யார்?