சனிக்கிழமை எண்ணெய்

அடுப்பில் மிளகு போட்ட நல்லெண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. ஆளைக் கட்டிப்பிடித்துக் கீழே தள்ளுகிற அந்த ஃபுட்பாலில் சேர்த்துவிடச் சொல்லி, "ப்ளீஸ் மாம்" என்று மகன் அனத்திக்கொண்டிருந்தான். எண்ணெய் வாசனை என்னை எண்பதுகளில் நாங்கள் வளர்ந்த அமெரிக்க ஊரான சுகர் லேண்டுக்கு இழுத்துப் போனது.

அன்று எட்டு வயது அண்ணனும் இதற்காகத்தான் அழுதான். டாக்டரான அப்பா, "கழுத்தெலும்பு போயிடும்" என்றார். அம்மாவோ, "ஆடட்டும். ஆனா சனிக்கிழமை எண்ணெய் தேய்ச்சுக்கிட்டுத்தான் போகணும். மேட்ச் முடிஞ்சு வந்து குளிச்சுக்கட்டும்" என்றாள்.

எண்ணெய் வழிய ஓடியவனை யாராலும் பிடிக்க முடியவில்லை. பாய்ந்தவர்கள் எல்லாம் வழுக்கி விழுந்தார்கள். பந்தும் அவன் கையில் நிற்கவில்லை. கோச் தலையில் அடித்துக்கொண்டார்.

"பந்துதானே போச்சு? பல்லு இருக்குல்ல?" என்றாள் அம்மா.

அடுப்பை அணைத்தேன்.

"சரி, ஆடு" என்றேன் மகனிடம். "முதல்ல சட்டையைக் கழட்டு."