இரண்டு தரம் தாண்டிப் போன கம்பு

எனக்குத் தொண்டை பெரியது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் சொல்லப் போகிற விசயத்தில் குற்றவாளி அந்தத் தொண்டைதான். தன்னாமுனை வாவிக்கரையில் நின்று நான் ஒரு பிள்ளையைக் கூப்பிட்டால், பெரிய ரோட்டில் பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். என் கணவர் இதை ஆட்களிடம் அடிக்கடி சொல்வார். பெருமையில் சொல்கிறாரா, சலித்துப்போய்ச் சொல்கிறாரா என்பது இருபது வருடமாகியும் எனக்குப் பிடிபடவில்லை.

பின்னேரங்களில் நான் சின்னப் பிள்ளைகளுக்கு விண்ட்சர்ஃபிங் பழக்குகிறேன். அந்தப் பெயர் பிள்ளைகளின் வாய்க்குள் நுழையாததால் எங்கள் கரையில் அதற்குப் பாய்ப்பலகை என்று பெயர். நீளமான மிதவைப் பலகை, அதன் நடுவில் எந்தப் பக்கமும் சாயக்கூடிய பாய்மரம், பிடித்துக்கொண்டு நிற்கக் குறுக்கே ஒரு கைத்தடி, அவ்வளவுதான். சுக்கானும் கிடையாது, துடுப்பும் கிடையாது. பாயை முன்னுக்குச் சாய்த்தால் பலகை ஒரு பக்கம் கிறுகும், பின்னுக்குச் சாய்த்தால் மறுபக்கம் கிறுகும். கிறுகுவது என்றால் திரும்புவது, எங்கள் பக்கத்துச் சொல்.

பாசிக்குடாவில் ஒரு ஹோட்டலில் வெள்ளைக்காரர்களுக்குத் தலை துவட்டத் துவாய் எடுத்துக் கொடுக்கிற வேலையில் இருந்தபோது பார்த்துப் பார்த்துப் பழகியது இது. அவர்கள் சாப்பிடப் போன நேரங்களில் நான் தண்ணீருக்குள் விழுந்து எழும்பினேன். பிறகு ஹோட்டலில் அந்த விளையாட்டுப் பகுதியை மூடியபோது, பழைய பலகைகளை எரிக்கப் போகிறோம் என்றார்கள். எரிக்க வேண்டாம், நான் கொண்டுபோகிறேன் என்றேன். பெரியது ஒன்று, பிள்ளைகளுக்கான சின்னது ஆறு. லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தின் பெட்டியில் ஏற்றி ஊருக்குக் கொண்டுவந்தபோது, யார் வீட்டுக் கலியாணத்துக்குப் பந்தல் சாமான் என்று அயலில் ஒருத்தி கேட்டாள்.

அப்போது என்னிடம் ஆறு பிள்ளைகள். ஏழு வயதிலிருந்து பத்து வயது வரை. நான் எந்தப் பள்ளிக்கூடத்திலும் படிப்பித்தவள் இல்லை, ஆனாலும் அவர்களுக்கு நான் ரீச்சர். லைஃப் ஜக்கெற்றைக் கழற்றக் கூடாது, பலகையை விட்டு நீந்தக் கூடாது, நான் கூப்பிட்டால் அந்த நிமிடமே கரைக்கு வரவேண்டும். சட்டம் இந்த மூன்றும்தான். மீறினால் ஏச்சு விழும். அடிக்க மாட்டேன், ஒரு நாளும் அடித்ததில்லை. ஆனால் ஏச்சு என்றால் சும்மா ஏச்சில்லை. காற்று எந்தப் பக்கத்தால் வருகிறது என்று தெரியாமல் மூக்கை எதற்கு வைத்திருக்கிறாய் என்று தொடங்கினால், பிள்ளையின் கொப்பாட்டன் வரைக்கும் போய்த்தான் நிற்பேன். பிள்ளைகள் சிரிப்பார்கள். எல்லோரும் சிரிக்கிறார்கள் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த ஆறு பேரில் ஆகச் சின்னவள் ஏழு வயதுப் பெண்பிள்ளை. அவளுடைய தாய் எங்கள் வாவியில் நண்டு வலை போடுகிறவள். புருசன் கதிரவெளிப் பக்கம் கடற்தொழிலுக்குப் போய்விட, விடியப்புறம் தனியாகவே தோணி எடுத்துப் போவாள். விடுமுறை நாட்களில் மகளையும் தோணியில் ஏற்றிக்கொள்வாள். ஒன்பது வருடம் கோயில் கோயிலாகத் திரிந்து பெற்ற ஒரே பிள்ளை என்று ஊரே அறியும். முதல் நாள் அவளைக் கொண்டுவந்து விடும்போது அந்தத் தாய் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“தண்ணிக்கு எனக்குப் பயமில்ல ரீச்சர். இந்தக் காத்துக்குத்தான் பயம். புள்ளையில ஒரு கண் வெச்சிக்கங்க.”

“ஒரு கண் என்னத்துக்கு, ரெண்டு கண்ணையும் வெக்கிறன்” என்றேன். வாய்க்கொழுப்பு.

மூன்று கிழமையாகப் பிள்ளை என்னோடு ஒரு சொல் பேசவில்லை. கேட்டதற்குத் தலையாட்டுவாள். கூச்சம் என்று விட்டுவிட்டேன். பலகையில் ஏறினால் மட்டும் கெட்டிக்காரி. மற்றவர்கள் பாயைத் தூக்குவதற்குள் அவள் தூக்கி நிற்பாள்.

நாங்கள் பழகுவது கச்சான் காற்றுக் காலத்தில். கச்சான் மேற்கேயிருந்து, வாவிக்கு அந்தப் பக்கத்துப் படுவான்கரையிலிருந்து எங்கள் கரைக்கு வீசும். பிள்ளை என்ன பிழை விட்டாலும் காற்றே அவளைக் கொண்டுவந்து என் காலடியில் போட்டுவிடும். ஆனால் சில பின்னேரங்களில் கச்சான் சொல்லாமல் கொள்ளாமல் விழுந்துவிடும். உடனே முதுகுப் பக்கத்திலிருந்து கடற்காற்று எழும்பும். அது பிள்ளையை நடு வாவிக்கு இழுக்கும். இது எனக்குத் தெரியாததில்லை. கரைத் தென்னைகளின் ஓலை அசைகிற பக்கம் மாறினால் உடனே எல்லோரையும் கரைக்குக் கூப்பிட்டுவிடுவேன்.

அன்றைக்கு இரண்டு பெடியன்கள் நீலப் பாய்க்கு அடிபட்டுக்கொண்டார்கள். ஒருவன் மற்றவனின் தலைமயிரைப் பிடித்துவிட்டான். நான் இருவரையும் கரைக்கு இழுத்து, தண்ணீருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஏசத் தொடங்கினேன். நன்றாகத்தான் ஏசினேன், எனக்கே ஒரு திருப்தி. முடிக்கிற நேரம் என் தலைமயிரும் நீலப் பாயின் நுனியும் தண்ணீர்ப் பக்கம் பறந்தன. திரும்பிப் பார்த்தேன். கச்சான் விழுந்திருந்தது. மூன்று பிள்ளைகள் இடுப்பளவு தண்ணீரில் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கரையில் இரண்டு. ஐந்து. திரும்ப எண்ணினேன். ஐந்துதான். ஆகச் சின்னவளைக் காணவில்லை.

கரையில் தேத்தண்ணிக் கடை வைத்திருக்கிற அக்காவிடம் ஐந்து பேரையும் பிடித்துக் கொடுத்தேன். ஒருவரும் தண்ணீரில் கால் வைக்கக் கூடாது என்றேன். பிள்ளையின் தாய்க்கு ஆள் அனுப்பவா என்று அக்கா கேட்டார். ஓம் என்று தலையை ஆட்டிவிட்டுப் பெரிய பலகையில் ஏறினேன்.

வெயில் நேரே முகத்தில் அடித்தது. தண்ணீர் முழுக்க மினுங்கல். நான் தேடியது அவளுடைய மஞ்சள் பாயை. நிமிர்ந்து நிற்கலாம், அல்லது விழுந்து தண்ணீரில் விரிந்து கிடக்கலாம். இரண்டில் எதுவும் இல்லை. எனக்குப் பயம் வந்தால் அது வாயால் ஏச்சாகத்தான் வரும், என்ன செய்வது, பிறவிக் குணம். “எங்க போய்த் துலைஞ்சாய்? பலகையை விட்டியா? இரு வாறன், தோலை உரிக்கிறன்” என்று வாவி முழுக்கக் கத்திக்கொண்டு போனேன்.

படுவான்கரைக்குக் கிட்ட, தண்ணீருக்குள் வேர்விட்ட கண்ணாப் பற்றைகளுக்கு முன்னால் மீனவர்கள் வலை கட்ட ஊன்றிய கம்புகள் வரிசையாக நிற்கும். அதற்குள் போனால் என் பலகையின் அடிச்சிறகு வலையில் மாட்டும். அதனால் வெளிப்பக்கத்தால் கத்திக்கொண்டே போனேன். கம்புகளைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. கிறுகி, அதே வழியால் கத்திக்கொண்டு திரும்பினேன். அப்போதும் கம்புகள்தான்.

அதற்குப் பிறகுதான் எனக்கு உள்ளே ஏதோ கழன்றது. மாதாவையும் பிள்ளையாரையும் ஒரே மூச்சில் கூப்பிட்டேன். அந்தத் தாயின் முன்னால் போய் நின்று என்ன சொல்வது? பெடியன்களுக்கு ஏசிக்கொண்டு நின்றேன், உன் பிள்ளையைக் காற்றுக் கொண்டுபோய்விட்டது என்றா? ஒன்பது வருடம். இன்னொரு தரம் கூப்பிட வாயைத் திறந்தேன். காற்றுத்தான் வந்தது, சத்தம் வரவில்லை. அவ்வளவு பெரிய தொண்டை அப்படியே அடைத்துவிட்டது. பாயைப் போட்டுவிட்டுப் பலகையில் குந்தினேன். ஊரார் கண்ணில் படாத நடுத்தண்ணீரில் இருந்து அழுதேன். காற்று என்னைத் தள்ளித் தள்ளி மூன்றாம் தரமும் அந்தக் கம்புகளுக்குக் கிட்டக் கொண்டுபோனது.

“ரீச்சர்.”

மெல்லிய குரல். கம்புகளில் ஒன்று மற்றவற்றைவிடக் கொஞ்சம் தடிப்பாக இருந்தது. அதனடியில் ஒரு பலகை, பலகையில் என் பிள்ளை எழும்பி நின்றுகொண்டிருந்தாள். லைஃப் ஜக்கெற் ஒரு காலத்தில் சிவப்பு, வெளுத்து வெளுத்துத் தேங்காய்த்தும்பு நிறத்துக்குப் போயிருந்தது. அதையும் நான் கவனிக்கத் தவறியிருந்தேன்.

அவள் செய்திருந்த வேலையைக் கேளுங்கள். காற்றுக்கு எதிராகப் போக முடியாது என்று தெரிந்ததும் பாயின் முடிச்சை அவிழ்த்து, பாயை மரத்தோடு சுற்றி, மரத்தைப் பலகையிலிருந்து கழற்றிச் சேற்றில் ஊன்றிவிட்டாள். பாய் தூக்கும் கயிற்றால் பலகையை அதில் கட்டிவிட்டு, காற்று விழும்வரை காத்திருந்தாள். வாவியில் தோணிக்காரர் செய்வது அதுதான். காற்று எழும்பினால் கம்பை ஊன்றித் தோணியைக் கட்டிவிட்டு இருப்பார்கள். நான் படிப்பித்தது வேறு: பாயைப் போட்டுவிட்டுக் குப்புறப் படுத்துக் கையால் தண்ணீரை வலித்து வா என்பேன். அந்தக் காற்றில் ஏழு வயதுக் கை எவ்வளவு தூரம் வலிக்கும்? என் பாடத்தின்படி நடந்திருந்தால் அவள் களைத்துப்போயிருப்பாள். கம்பு ஊன்றுகிற பாடத்தைத் தாய் தோணியில் வைத்தே சொல்லிக் கொடுத்திருக்கிறாள்.

தண்ணீரில் குதித்து, நெஞ்சளவு சேற்றுத் தண்ணீரில் நடந்து போய் அவளைக் கட்டிப்பிடித்தேன். சூடாக இருந்தாள். முழுசாக இருந்தாள். அந்த நேரம் எனக்கு வந்த ஆறுதலை எந்தக் கோயிலிலும் எந்த நாளிலும் நான் கண்டதில்லை. அவளை விடாமல், மறுகையால் அவளுடைய பலகையைப் பிடித்துக்கொண்டேன்.

“நான் ரெண்டு தரம் இதால போனனே மகள், காணல்லயா?” என்றேன். கரகரவென்று அவ்வளவுதான் வந்தது.

“கண்டன்.”

“கண்டுட்டு மறுகா ஏன் கூப்பிடல்ல?”

அவள் என் முகத்தைப் பார்க்காமல் கயிற்றைப் பார்த்துச் சொன்னாள். “ஏசிக்கொண்டு வந்தீங்க. அதான் பலகையில படுத்துட்டன்.”

“இப்ப ஏன் கூப்பிட்டாய்?”

“இப்ப ஏசல்லதானே.”

சேற்றில் ஊன்றிய மரத்தைப் பிடுங்கி அவளுடைய பலகையில் கிடத்தினேன். 

அவளுடைய பலகையை என்னுடையதில் கட்டி, அவளை முன்னால் இருத்திக்கொண்டு, எதிர்க்காற்றில் குறுக்கும் மறுக்குமாகக் கிறுகிக் கிறுகி வந்தோம். வழி முழுக்க அவள் பேசினாள். மூன்று கிழமைப் பேச்சு. வலையில் நண்டு கடித்தது, நீலப் பாய் தனக்கும் விருப்பம், தலைமயிரைப் பிடித்தவன் பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான் என்று எல்லாம் சொன்னாள். நான் ம்ம் கொட்டிக்கொண்டு பாயைப் பிடித்தேன். இவளுக்கு வாய் இவ்வளவு நீளமா என்று அப்போதுதான் தெரிந்தது.

தாய் இடுப்பளவு தண்ணீரில் நின்றாள். கடை அக்கா அவளுடைய தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவள் பிள்ளையை வாங்கி, கை, கால், காது என்று ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள். அறை விழுந்தால் வாங்கிக்கொள்வது என்று நான் முடிவெடுத்திருந்தேன். நடந்ததை ஒன்றும் மறைக்காமல் அந்த உடைந்த குரலில் சொன்னேன். நான் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றதையும், பிள்ளை எனக்குப் பயந்து ஒளித்ததையும் சொன்னேன்.



“நீங்க ஏசுற ஆள் எண்டுதான் ரீச்சர் உங்களிட்ட விட்டன். ஏசுற ஆள் கண்ணை எடுக்காது எண்டு நினைச்சன்.”

“ஏசுறதுக்காகத்தான் எடுத்தன்” என்றேன்.

அவள் மகளிடம் திரும்பி, கயிற்றை எப்படிக் கட்டினாய் என்று கேட்டாள். பிள்ளை ஈரக் கையால் காற்றிலேயே முடிச்சுப் போட்டுக் காட்டினாள். தாய் பார்த்துக்கொண்டிருந்தவள் சிரித்தாள், பிறகு சிரிப்போடேயே அழுதாள். பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு நாலடி போய்த் திரும்பி என்னிடம் சொன்னாள்.

“புள்ள நாளைக்கு வராது. நாளையிண்டைக்கு வரும்.”

அன்றிரவு கோப்பை நிறையக் கொத்தமல்லித் தண்ணீரோடு இருந்த என்னைப் பார்த்து, வீடு அமைதியாக இருக்கிறதே என்று கணவர் கேட்டார். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. பிள்ளை வீட்டில் படுத்திருக்கிறாள், தாயின் பக்கத்தில் படுத்திருக்கிறாள் என்று நினைத்து நினைத்து நித்திரையானேன்.

சொன்னபடி மூன்றாம் நாள் வந்தாள், தாயும் கூடவே வந்தாள். ஒவ்வொரு பாய்மரத்தின் உச்சியிலும் ஒரு சிவப்புத் துணி கட்டினோம். எந்தக் கம்புகளுக்கு நடுவில் நின்றாலும் இனிக் கண்ணில் படும். முழங்கால் அளவு தண்ணீரில் நின்று தாய் ஆறு பேருக்கும் மரத்தைக் கழற்றி ஊன்றக் காட்டினாள், ஏழாவதாக நானும் ஊன்றிப் பழகினேன். இன்றைக்கும் என் கரையில் முதல் பாடம் அதுதான்.

என் குரல் அடைத்தபடியே இருந்தது. ஏச்சில்லாத வகுப்பு பிள்ளைகளுக்கு விநோதம். ரீச்சருக்குக் காய்ச்சலா என்று தங்களுக்குள் கேட்டுக்கொண்டார்கள். நான் தண்ணீரைப் பார்த்தபடி, கையால்தான் எல்லாம் சொன்னேன். முன்னுக்குச் சாய், பின்னுக்குச் சாய், கிறுகு.

ஐந்தாம் நாள் பின்னேரம் தென்னோலை பக்கம் மாறியது. நான் இரண்டு கையையும் உயர்த்தினேன். ஐந்து பிள்ளைகள் கிறுகிவிட்டார்கள். ஆகத் தூரத்தில் நின்றவள் அவள். அங்கிருந்தபடியே கொஞ்ச நேரம் என் பக்கம் பார்த்தாள். என்ன பார்க்கிறாள் என்று எனக்குத் தெரியும். பிறகு பாயைச் சாய்த்து, சிவப்புத் துணி ஆட ஆட, என்னிடமே நேரே வந்து இறங்கினாள்.

“ரீச்சர், தொண்டை இன்னும் சுகமாகல்லயா?”

அன்று விடியவே சுகமாகிவிட்டிருந்தது. காலையில் கோழியைக் கலைக்கிறேன் என்று அயல் முழுவதையும் எழுப்பியும் இருந்தேன். அவளுடைய ஜக்கெற்றின் வாரை அவிழ்த்துக்கொண்டு, இன்னும் இல்லை என்று தலையை ஆட்டினேன்.