சைக்கிள் சாவி தொங்கும் இடம்

டி. கல்லுப்பட்டி அருகே ஒரு கிராமத்தில், நாமே சமைத்துக்கொள்ளும் வாடகை வீட்டில் தங்கி சைக்கிளில் ஊர் சுற்றினேன். ஒரு மாலை, அடுப்பில் பால் வைத்ததை மறந்து கண்மாய்க்கரைக்குக் கிளம்பிவிட்டேன்.

திரும்பி வந்து கதவைத் திறந்து, லைட் போடக் கை நீட்டினேன்.

"அண்ணே, சுவிட்ச தொடாதீங்க! வெளிய வாங்க!"

பின்னால் முருங்கைக்கீரையோடு வந்த வீட்டுக்கார அம்மா ஈஸ்வரியின் குரல். பொங்கிய பால் தீயை அணைத்துவிட, வீடெங்கும் கேஸ். ஜலதோஷத்தில் எனக்கு வாடையே தெரியவில்லை. அவர் முந்தானையால் மூக்கைப் பொத்தி உள்ளே ஓடி, ரெகுலேட்டரை மூடி, ஜன்னல்களைத் திறந்தார்.

திட்டுவார் என்று நினைத்தேன்.

"மறதி யாருக்குத்தான் இல்லண்ணே? சைக்கிள் சாவிய சிலிண்டர்ல மாட்டுங்க. அடைக்காம கிளம்ப மாட்டீங்க."

இன்று செல்லூரில் என் வீட்டிலும் சாவி அங்கேதான் தொங்குகிறது. எடுக்கும்போதெல்லாம் ரெகுலேட்டரை மூடுகிறேன். மனதுக்குள் ஈஸ்வரிக்கு ஒரு கும்பிடும் போடுகிறேன்.