கன்னம் வீங்கினால் சங்கிலி

எங்கள் பக்கம் ஒரு பழக்கம் உண்டு, பிள்ளைகளே. பொன்னுக்கு வீங்கி வந்து கன்னம் உப்பினால், கழுத்தில் தங்கச் சங்கிலி போட்டுவிடுவார்கள். ஐந்தாவது படிக்கும் என் மகளுக்கு அது வந்தபோது, என் மனைவியும் தன் சங்கிலியைக் கழற்றி மாட்டிவிட்டாள். வலி ஒரு பக்கம் இருக்க, மகள் கண்ணாடி முன்னால் நின்று கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டாள்.

சங்கிலியோடு டாக்டரிடம் கூட்டிப்போனேன். அவர் சிரித்தார். "சங்கிலி அழகுக்குப் போட்டுக்கட்டும். நோய்க்கு ஒண்ணும் பண்ணாது. இது இருமல், தும்மல், எச்சில் பட்ட தம்ளர் வழியாப் பரவும். அஞ்சு நாள் ஸ்கூல் வேண்டாம். இன்னைக்கு ஒருத்தருக்கு ஒட்டினா, ரெண்டு மூணு வாரம் கழிச்சுத்தான் வீங்கும்."

மகள் முகம் தொங்கிப்போயிற்று. மூன்று வாரத்தில் பொள்ளாச்சியில் கோ-கோ போட்டி. அவர்கள் பள்ளி வெளியூர் போய் ஆடுவது அதுதான் முதல் தடவை. "எனக்கு அதுக்குள்ள சரியாயிருமுங்கப்பா. இப்ப யாருக்காச்சும் ஒட்டிப்போட்டா டீமே காலி!"

அன்று சாயங்காலம் நான் தறியை நிறுத்திவிட்டு வெளியே வந்தால், அந்த டீம் மொத்தமும் எங்கள் கேட்டில் தொங்கிக்கொண்டிருந்தது.

"ஏனுங்க மாமா, அவள எங்க மேல ஒரு தடவ தும்மச் சொல்லுங்க!"

"எதுக்கு கண்ணு?"

"எங்களுக்கும் சங்கிலி போட்டு உடுவாங்கல்லங்க!"

ஒருத்தி தம்ளரே கொண்டுவந்திருந்தாள். "அவ குடிச்ச மிச்சத் தண்ணி இருந்தா ஊத்துங்க மாமா."

நான் கேட்டைப் பூட்டினேன். கொல்லைப் பக்கம் ஓடினார்கள். நானும் ஓடினேன். சிரிப்பில் எனக்கு அதட்டவே வரவில்லை.

மூடிய ஜன்னலுக்குப் பின்னால் நின்று பார்த்த மகள், சங்கிலியைக் கழற்றி என்னிடம் நீட்டினாள். "இதப் பாத்துத்தான் வர்றாளுக. நீங்களே போட்டுக்கங்க!"

சோப்புப் போட்டுக் கழுவி நான் மாட்டிக்கொண்டேன். லுங்கியும் பனியனும், தலையெல்லாம் பஞ்சு, கழுத்தில் பளபளவென்று சங்கிலி. அப்படியே கேட்டருகே போய் நின்றேன்.

"சங்கிலி இப்ப என்ற கழுத்துல. யாருக்கு வேணும்?"

"ஐயே! மாமாவுக்கு நல்லாவே இல்ல!" கத்திக்கொண்டே தெருமுனை வரை ஓடினார்கள். அப்புறம் ஒருத்தியும் சங்கிலி கேட்டு வரவில்லை. மறுநாளே விளையாட்டு டீச்சர், அவரவர் தண்ணீர் பாட்டிலில்தான் குடிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

போட்டியன்று காலை வேன் முன்னால் எல்லோரும் வரிசையாக நின்றார்கள். கடைசியில் நின்றவளுக்கு ஒரு கன்னம் உப்பியிருந்தது! என் மகளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"வாயத் தொற!" என்றார் டீச்சர்.

"ம்ம்ம்."

"தொறடி!"

உள்ளே இரண்டு கமர்கட்டு.

"துப்பு!"

"மாட்டேனுங்க மிஸ், கரையட்டுங்க."

துணைக்கு நானும் ஏறிக்கொண்டேன். வேன் கிளம்பியும் என் மகள் அந்தக் கன்னத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள். அது மெல்ல வற்றித் தட்டையான பிறகுதான் "ஓ"வென்று கத்தினாள். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். பொள்ளாச்சி வரை ஒருத்தியும் நிறுத்தவில்லை.