பெங்காஸி விழுந்த அன்று பிறந்தவள்

தொண்டியில் யுத்த காலத்தில் பிறந்த பிள்ளைகளின் வயதில் ஐயம் எழுந்தால், ஊரார் கடற்கரைத் தெருத் தேநீர்க்கடைப் பாக்கரிடம்தான் போவார்கள். அவர் பாய்லருக்குப் பக்கத்தில் நின்றபடியே கண்ணை மூடித் திறந்து, "சிங்கப்பூர் விழுந்த சேதி வந்த மறுநாளு. நாப்பத்திரெண்டு பிப்ரவரி பதினெட்டுன்னு எழுதிக்க" என்பார். கேட்டவர் அதை அப்படியே பள்ளிக்கூடத்தில் போய்ச் சொல்லிப் பிள்ளையைச் சேர்த்துவிடுவார்.

பாக்கர் பட்டாளத்தில் சேர்ந்தவரல்லர். இளமையில் தோணியில் சமையற்காரராக இலங்கைக் கரைக்குப் போய்வந்தார். அலை ஒத்துக்கொள்ளாமல் கரையிலேயே கடை வைத்தார். ஆயினும் உலக யுத்தத்தை அவரளவுக்கு நாள் தவறாமல் நடத்தியவர் இராமநாதபுரம் சீமையில் வேறொருவர் இருந்திருக்க முடியாது. முந்தைய நாள் செய்தித்தாள் நண்பகல் பேருந்தில் வந்து இறங்கும். அதை முதலில் தாம் மட்டும் வாய்க்குள் படித்து முடிப்பார். பிறகு மேசையைத் துடைத்துவிட்டுப் போர்முனைகளை எடுத்து வைப்பார். சர்க்கரை டப்பா ருஷ்ய முனை. பன் ஜாடி ஆப்பிரிக்க முனை. பால் செம்பு பர்மாவுக்கும் மலாயாவுக்கும் பொது.

"ருஷ்ய முனை!" என்று குரல் கொடுத்துச் சர்க்கரை டப்பாவை ஒரு சாண் நகர்த்துவார். தொண்டிக்காரர் ஒருவர்கூட ருஷ்யாவில் இல்லை. ஆகையால் அந்த முனையை எல்லாரும் கவலையின்றி அனுபவித்தார்கள். "ஆப்பிரிக்க முனை!" என்றதும், சூயஸ் வழியாகப் போகும் கப்பல்களில் மகன்களை அனுப்பியிருந்தவர்கள் பெஞ்சின் நுனிக்கு வருவார்கள். பால் செம்பின்மேல் அவர் கை பட்டால் மட்டும் கடையில் ஒரு சத்தமும் இராது. ரங்கூனிலும் பினாங்கிலும் ஆள் இல்லாத வீடு அந்தத் தெருவில் இல்லை.

பாக்கரைப் படாத பாடு படுத்திய ஊர், ஆப்பிரிக்க முனையிலிருந்த பெங்காஸி. வெள்ளைக்காரன் பிடிப்பான், ஜெர்மன்காரன் பிடுங்கிக்கொள்வான், மறுபடியும் வெள்ளைக்காரன் பிடிப்பான். பன் ஜாடி மேசையின் இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்குமாக நடந்து நடந்து, ஒருநாள் தரையில் விழுந்து நொறுங்கியது. "பெங்காஸி எவன் கையிலேயும் இருந்துட்டுப் போகட்டும். எனக்குப் புது ஜாடி வாங்கிக் குடுங்க" என்று அவர் மனைவி நூர் நிஷா கடைக்குள்ளிருந்து கத்தியதைத் தெருவே கேட்டது.

யுத்தம் முடிந்தது. டப்பாவும் ஜாடியும் செம்பும் தத்தம் வேலைக்குத் திரும்பின. நாள்கள் மட்டும் பாக்கரின் தலைக்குள் தங்கிவிட்டன.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தேழாம் ஆண்டு சித்திரையில், கடைக்குப் பின்வீட்டு நஃபீசா தன் மகள் மெஹருன்னிசாவை அழைத்துக்கொண்டு வந்தாள். அவள் கணவன் அப்துல் அஜீஸ் பினாங்கில் துணிக்கடையில் கணக்குப் பார்ப்பவன். மனைவியையும் மகளையும் அங்கே வரவழைத்துக்கொள்ள விண்ணப்பம் போட்டிருந்தான். மனைவிக்குத் தடையில்லை. பிள்ளையோ, பதினைந்து வயது நிறையாததாக இருக்க வேண்டும் என்பது அந்நாட்டு விதி. மெஹருன்னிசா பள்ளிக்கூடத்துப் படியேறாமல் வீட்டிலேயே ஓதியும் எழுதியும் கற்றவள். வயதுக்குச் சான்று எதுவும் இல்லை. ஊர்ப் பெரியவர் ஒருவர் உறுதிமொழி கொடுத்தால் போதும் என்றார்கள். அதை எழுதுவதற்குத் திருவாடானையிலிருந்து மனு எழுதும் சேதுராமன் வந்து, ஏற்கெனவே இரண்டு தேநீர் குடித்திருந்தார்.

"என்னைக்குப் பொறந்தா?" என்றார் சேதுராமன்.

"பெங்காஸி விழுந்த அன்னைக்கு" என்றாள் நஃபீசா. "நான் வலியிலே கெடக்கேன். செவத்துக்கு அந்தப் பக்கம் பாக்கர் அண்ணன் தொண்டை கிழியப் படிக்காக. அந்த ஊர்ப் பேரு மட்டும் காதுலேயே நிக்கிது."

சேதுராமன் பாக்கரைப் பார்த்தார். பாக்கர் மெஹருன்னிசாவைப் பார்த்தார். அவளுக்கு நான்கு வயதானபோது அஜீஸ் முதன்முறையாக ஊருக்கு வந்தான். அத்தா என்று காட்டப்பட்ட புதிய மனிதனைக் கண்டு பயந்து, அவள் இதே கடைக்குள் ஓடிவந்து பாக்கரின் கைலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அதன் பின் அவன் வந்துபோனது இரண்டே முறை. இந்தப் பெண் தன் தகப்பனோடு ஒரு வீட்டில் இருக்க வேண்டும் என்பது பாக்கருக்கு நெடுநாளைய ஆசை.

"பெங்காஸி ஒரு தடவையா விழுந்துச்சு?" என்றார் மெல்ல. "நாப்பத்திரெண்டு தையிலே ஜெர்மன்காரன் பிடிச்சான். அதே வருசம் கார்த்திகையிலே வெள்ளைக்காரன் திரும்பப் பிடிச்சான்."

சேதுராமன் விரல்விட்டுப் பார்த்தார். "தைன்னா பதினஞ்சு தாண்டிருச்சு. கார்த்திகைன்னா இன்னும் ஏழு மாசம் கெடக்கு. பாய், கார்த்திகைன்னே போட்டுருவோம். அதுவும் பெங்காஸிதானே? பொய்னு ஒருத்தரும் சொல்ல முடியாது."

எது உண்மை என்பது பாக்கருக்குத் தெரியும். தெரிந்தும், வாழ்நாளில் முதன்முறையாக, தவறான ஒரு நாளுக்குத் தலையை அசைத்தார்.

பாய்லருக்குக் கரி அள்ளிப் போட்டுக்கொண்டிருந்த நூர் நிஷா கையை உதறிக்கொண்டு வந்தாள்.

"இந்தாங்க, ரெண்டு பேருக்கும் புத்தி எங்கிட்டுப் போச்சு? அஜீஸ் கப்பலேறினது நாப்பத்தொண்ணு ஆடிக் கடைசி. அப்பறம் யுத்தம் முடியிற வரைக்கும் இந்தப் பக்கம் அவன் தலையே தெரியல. புள்ள மறு வருசம் கார்த்திகையிலே பொறந்துச்சுன்னு எழுதினா, நஃபீசா என்ன பதினஞ்சு மாசமா சொமந்தா? ஊருலகத்துச் சண்டையெல்லாம் எண்ணத் தெரியிது, பொம்பள மாசம் எண்ணத் தெரியல!"

சேதுராமன் பேனாவை மூடினார். அவர் காது நுனி வரை சிவந்துவிட்டது. பாக்கர் மேசையைத் துடைக்கத் தொடங்கினார். மேசை துடைத்தாற்போலத்தான் இருந்தது. முதலில் சிரித்தவள் நஃபீசாதான். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்:

"அண்ணே, தைதானா? அந்தத் தைக்குள்ள பினாங்கு ஜப்பான்காரன் கைக்குப் போயி, மலாயாவே போயிக்கிட்டிருந்துச்சு. அதை விட்டுட்டுப் பெங்காஸி எனக்கு எதுக்கு ஞாபகம் இருக்கு?"

பாக்கர் மேசை துடைத்த துணியை மடித்துத் தோளில் போட்டார்.

"அன்னைக்குத் தாள்ல மலாயாதான் பெருசா இருந்துச்சு. பட்டாளம் முழுசும் சிங்கப்பூருக்குப் பின்வாங்குதுன்னு போட்டிருந்தான். நீ செவத்துக்கு அந்தப் பக்கம் கெடக்கே. அஜீஸு அங்கன இருக்கான். எப்படித்தா படிக்கிறது? பால் செம்பை எடுத்து உள்ள வச்சுட்டேன். ஆப்பிரிக்க முனையை மட்டும் சத்தமாப் படிச்சேன். ஒரு தடவை படிச்சதையே மூணு தடவை படிச்சேன்."

நஃபீசா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சேதுராமன் பக்கம் திரும்பி, "தைன்னே எழுதுங்க. எம் மக என்னைக்குப் பொறந்தாளோ அன்னைக்கே பொறந்தவளா இருக்கட்டும்" என்றாள்.

தை என்றே எழுதப்பட்டது. பாக்கர் கையெழுத்திட்டார். ஆடியில் மறுமொழி வந்தது: மனைவி வரலாம், மகளுக்கு அனுமதியில்லை.

அந்த நாள்களில் பாக்கர் போட்ட தேநீரில் சர்க்கரை இரட்டிப்பாக இருக்கும். அல்லது அறவே இராது. "நீ வாயைப் பொத்திக்கிட்டு இருந்திருந்தா அந்தப் புள்ள போயிருக்கும்" என்று ஒருநாள் நூர் நிஷாவிடம் சொல்லிப் பார்த்தார். "போயிருக்கும். அங்கன துரைமாரு அஜீஸு கப்பலேறின தேதியையும் இந்தத் தேதியையும் பக்கத்துலே வச்சுப் பாத்து, அவன் மூஞ்சியிலேயே சிரிச்சிருப்பாக" என்றாள் அவள்.

நஃபீசா கப்பலேறவில்லை. மெஹருன்னிசாவை உட்காரவைத்து, கணவனுக்குத் தன் வாய்மொழியாக எழுதச் சொன்னாள். பாக்கர் முன்னிலையில்தான் சொன்னாள்: "நாங்க ரெண்டு பேரும் சேந்து வர ஏலாது. நீங்க ஒத்த ஆளுதானே. நீங்க வாங்க."

மார்கழியில் ஒருநாள், செய்தித்தாள் வரும் நண்பகல் பேருந்திலிருந்து அப்துல் அஜீஸ் இறங்கினான். இரண்டு தகரப் பெட்டிகள், ஒரு குடை. காது ஓரம் நரைத்திருந்தது. இனித் திரும்பப் போவதில்லை என்றும், கையிலிருப்பதைக் கொண்டு இங்கேயே சிறிய துணிக்கடை வைக்கப்போவதாகவும் சொன்னான். பெட்டிகளை வீட்டில் வைத்துவிட்டு, மகளோடு நேரே தேநீர்க்கடைக்கு வந்தான்.

"அண்ணே, எம் மக பொறந்த அன்னைக்கு நீங்க ஒரு முனையைப் படிக்காம விட்டுட்டீகளாமே?"

"ஆமப்பா."

"அதை நான் சொல்லட்டுமா?"

பெஞ்சில் இருந்தவர்கள் நகர்ந்து இடம் கொடுத்தார்கள். அஜீஸ் உட்கார்ந்தான். "கடையை அடைக்கச் சொல்லிட்டான் ஜப்பான்காரன். அரிசிக்கு வரிசையிலே நிக்கிறேன். எனக்கு முன்னாடி ஒரு சீனத்துக் கெழவி. புள்ள எத்தனைன்னு கையாலே கேட்டா. எனக்கு என்ன தெரியும்? ஊர்லேருந்து ஒரு வரி வராது. ஆனா மாசத்தை எண்ணிப் பாத்தேன். இந்நேரம் பொறந்திருக்கும்னு தோணுச்சு. ஒத்த வெரலைக் காட்டினேன். அவ தன் பங்குலேருந்து ஒரு கைப்பிடி அரிசியை எடுத்து என் பையிலே போட்டா."

மெஹருன்னிசா அத்தாவை நெருங்கி உட்கார்ந்தாள். "அது நான் பொறந்த அன்னைக்கேவா?"

"தை மாசம்தான்த்தா. நாள் சொல்லத் தெரியல. அங்கன பாக்கர் அண்ணன் இல்லையே!"

கடை முழுவதும் சிரித்தது. பாக்கர் சிரிக்கவில்லை. உள்ளே போய்ப் பால் செம்பை எடுத்துவந்து, பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின், பன் ஜாடிக்குப் பக்கத்தில் அதற்குரிய இடத்தில் வைத்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"மலாயா முனை!" என்றார். "சொல்லு அஜீஸு, முதல்லேருந்து சொல்லு."

"சீக்கிரம் சொல்லி முடிங்க" என்றாள் நூர் நிஷா உள்ளிருந்து. "அந்தச் செம்புலதான் பால் ஊத்தணும்."