இடது பின்சக்கரம்

இது நடந்தது போன மே மாதம், இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை. நடுராத்திரி இல்லை. நல்ல வெயில். மதியம் பன்னிரண்டே முக்காலுக்கும் ஒன்று இருபத்திரண்டுக்கும் நடுவில். ஒன்று இருபதுக்கு எனக்கு ஒரு போன் வந்தது. அந்த அழைப்பைப் படம் எடுத்து வைத்திருக்கிறேன். கதை விடுகிறேன் என்று நினைப்பவர்கள் வந்து பார்க்கலாம்.

என் பெயர் ஸ்டீபன். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் சின்னதாக ஒரு மரப்பட்டறை வைத்திருக்கிறேன். இரும்பு வார்க்கிற கம்பெனிகளுக்கு மரத்தில் பேட்டர்ன், அதாவது வார்ப்பு மாதிரி, செய்து கொடுப்பது என் தொழில். சக்கரம் செய்து எனக்குப் பழக்கமில்லை. ஆனால் வெங்கடேசன் அண்ணன் விடவில்லை. சோழவரம் பக்கத்தில் நெல் பயிரிடுகிறவர். அவருடைய தாத்தா வாங்கிய கதிரடிக்கும் மிஷின் ஒன்று களத்து ஷெட்டில் கிடந்தது. ஒரு வேன் அளவுக்கு மர உடம்பு. நான்கும் மரச்சக்கரம். ஒரு விவசாயக் கல்லூரியில் அதைக் காட்சிக்கு வைக்கக் கேட்டிருந்தார்கள். திங்கட்கிழமை காலை லாரி வரும்.

முதல் தடவை பார்க்கப் போனபோது மூன்று சக்கரம் நன்றாகவே இருந்தது. இடது பின்சக்கரம் மட்டும் உடைந்து தனியாகக் கிடந்தது. அந்த மூலையைச் செங்கல் அடுக்கித் தாங்க வைத்திருந்தார்கள்.

"எத்தினி வருசமாண்ணா இப்டி நிக்குது?"

"எனக்கு வெவரம் தெரிஞ்சதுலேர்ந்து இப்டித்தான். எங்கப்பா இருந்த வரைக்கும் யாரையும் தொட உடல."

"ஏன்?"

"யாருக்குத் தெரியும்? கேட்டா கத்துவாரு."

அப்போதே ஒன்றைக் கவனித்தேன். ஷெட் முழுக்கப் புறா எச்சம். மிஷின் மேலே, கீழே, எல்லா இடத்திலும். அந்தச் செங்கல் மூலையில் மட்டும் ஒரு பொட்டு இல்லை. தரை, பெருக்கி விட்ட மாதிரி சுத்தமாக இருந்தது.

யார் வந்து பெருக்கப் போகிறார்கள்? அதற்கு மேல் நான் யோசிக்கவில்லை.

சக்கரத்தின் நடுக்குடம் உறுதியாக இருந்தது. ஐந்து ஆரக்காலும் வெளிவளையமான வட்டையில் இரண்டு துண்டும் புதிதாகக் கருவேல மரத்தில் செய்தேன். இரும்புப் பட்டாவை நெருப்பில் பழுக்கக் காய்ச்சி மாட்டினேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் அதைக் குட்டியானையில் ஏற்றிக்கொண்டு போனேன். சர்ச்சுக்கு வராததற்கு என் மனைவி சாராள் திட்டினாள். லாரி வருகிறதே, என்ன செய்ய?

வெங்கடேசன் அண்ணன் திருவள்ளூரில் ஒரு வளைகாப்புக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

"ரெண்டு மணிக்குள்ள வந்துடறேன் ஸ்டீபன். வந்து சேந்து மாட்டலாம். நீ ஒண்டியா தூக்காத."

"சரிண்ணா."

லாரி ஜாக்கி வைத்து அந்த மூலையைத் தூக்கினேன். செங்கல்லை எல்லாம் எடுத்தேன். ஜாக்கியை மட்டும் நம்பக்கூடாது என்று இரண்டு தடித்த கட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடியில் முட்டுக் கொடுத்தேன். என் கையால் வைத்தேன். தட்டிப் பார்த்து வைத்தேன்.

மணி 12:45. அச்சில் பிடித்திருந்த துருவைத் தட்டி எடுக்கத் தொடங்கினேன்.

டொக். டொக். டொக்.

நிறுத்தினேன்.

டொக்.

தகரக் கூரையின் எதிரொலி என்று நினைத்தேன். மறுபடி மூன்று தட்டினேன். நான்கு கேட்டது. நான்காவது, கூரையிலிருந்து வரவில்லை. மிஷினுக்கு அடியிலிருந்து வந்தது.

குனிந்து பார்த்தேன். யாரும் இல்லை. புறாக்களும் இல்லை. காலையில் அத்தனை இருந்ததே... எப்போது போயின?

1:10. அண்ணன் சொன்னதைக் கேட்டிருக்க வேண்டும். சும்மா பொருத்திப் பார்க்கலாம் என்று சக்கரத்தை அச்சுக்கு நேராக உருட்டிக்கொண்டு வந்தேன். நான்கு விரல்கடை தூக்கினால் போதும், குடம் அச்சில் ஏறிவிடும். மூச்சைப் பிடித்துத் தூக்கினேன். அசையவில்லை.

இரண்டாவது தடவை தூக்கினேன்.

லேசாக வந்தது. ஆரக்காலுக்கு அந்தப் பக்கம் யாரோ கூடச் சேர்ந்து தூக்குகிற மாதிரி.

"அண்ணா? அதுக்குள்ள வந்துட்டியா?"

"ம்."

குடத்தின் விளிம்பு அச்சில் ஏறி, பாதியில் சிக்கியது. உள்ளே இரும்பு வளையம் கோணிக்கொண்டிருக்க வேண்டும்.

"வளையம் சிக்கிக்கினு இருக்குண்ணா."

"உள்ள வந்து நவுத்து. நான் புடிச்சிக்கினேன்."

சாதாரணக் குரல். வேலையில் கூட நிற்கிற ஆளின் குரல். வட்டையின் உள்பக்கம் விரல்கள் தெரிந்தன. எட்டு விரல். அழுக்கேறிய நகங்கள். வளைகாப்புக்குப் போன அண்ணனின் கையா இது என்று எனக்குத் தோன்றவே இல்லை.

தரையில் படுத்தேன். அச்சுக்கு அடியில் தலையை நுழைத்தேன்.

உள்ளே குளிர்ந்தது. வெளியே அத்தனை வெயில்... அங்கே மட்டும் குளிர்.

"இன்னும் உள்ள வா."

தோள் வரைக்கும் போனேன்.

"இன்னும்..."

போன் அடித்தது. சட்டையைக் கழற்றிச் சுவரில் மாட்டியிருந்தேன், போன் அதில் இருந்தது. "இரு, வரேன்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்து எடுத்தேன்.

1:20.

"ஸ்டீபன், நான்தான் வெங்கடேசன். இங்க பந்தியே இன்னும் போடல. லேட்டாவும்பா."



"அண்ணா... நீ எங்க கீற?"

"திருவள்ளூர்லதான். ஏன்?"

திரும்பிப் பார்த்தேன்.

வட்டையில் விரல்கள் இல்லை.

ஸ்ஸ்ஸ்ஸ்...

ஜாக்கி இறங்கியது.

தடால்!

சக்கரம் வெளிப்பக்கம் சாய்ந்து விழுந்தது. அச்சு முனை மண்ணில் ஒரு சாண் இறங்கியது. என் தலை இருந்த இடம்.

மணி 1:22.

ஜாக்கியை இறக்க ஒரு கம்பியைச் செருகித் திருக வேண்டும். அந்தக் கம்பி என் கருவிப் பைக்குள் இருந்தது. நான் முட்டுக் கொடுத்த இரண்டு கட்டைகளும் எதிர்ச்சுவர் ஓரமாக இருந்தன. ஒன்றன்மேல் ஒன்றாக. ஒழுங்காக.

ஓடினேன். மெயின் ரோடு வரைக்கும் செருப்பில்லாமல் ஓடினேன்.

மறுநாள் கிரேன் வைத்து மிஷினை லாரியில் ஏற்றினார்களாம். நான் போகவில்லை. நடந்ததை அண்ணனிடம் போனில் சொன்னேன், அது ஊருக்குள் பரவிவிட்டது.

ஒரு வாரம் கழித்து என் பட்டறைக்கு ஒரு பெண் வந்தாள். பெயர் ஜோதிலட்சுமி. ஐம்பது வயது இருக்கும். சிப்காட்டில் ஒரு கம்பெனி கேன்டீனில் வேலை, அதே யூனிபார்மில் வந்திருந்தாள். அவள் அப்பா முனுசாமி, வெங்கடேசன் அண்ணன் வீட்டில் அந்தக் காலத்தில் வேலை செய்தவராம்.

"அந்தக் கொரலு இன்னா சொல்லிச்சு தம்பி? அப்டியே சொல்லு. ஒரு வார்த்தை மாத்தாத."

சொன்னேன். அவள் மரத்தூள் என்றும் பார்க்காமல் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"நான் மூணாங்கிளாஸ் படிக்கறப்போ நடந்துச்சு. அதே சக்கரத்த மாட்ட எங்க நைனாவும் சித்தப்பாவும் போனாங்க. ஷெட்ல வேற யாரும் இல்ல. நைனா கடப்பாரையால நெம்பிப் புடிச்சிக்கினு இருந்தாரு. சித்தப்பா அடியில படுத்திருந்தாரு. நைனா கைய உட்டுட்டாரு. சித்தப்பா அங்கியே செத்துட்டாரு. வெங்கடேசனோட அப்பா அந்தப் பேச்சையே வூட்ல எடுக்க உடல."

அவள் பக்கத்தில் நானும் உட்கார்ந்தேன்.

"மனைத் தகராறுல தம்பியவே கொன்னுட்டான்னு ஊரே சொல்லிச்சு. எங்கம்மா கூட அவரு கையால தண்ணி வாங்கிக் குடிக்கல. பதினோரு வருசம். சாவுற அன்னிக்கும் அவரு ஒன்னயேதான் சொன்னாரு. நாங்க யாரும் நம்பல."

"இன்னா சொன்னாருக்கா?"

அவள் என்னைப் பார்க்கவில்லை. இழைத்துப் போட்டிருந்த மரத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"'பக்கத்துல ஒருத்தன் வந்து நின்னான். நீ உடு, நான் புடிச்சிக்கினேன்னு சொன்னான். அதான் உட்டேன்.'"